மலராத குண்டு

அத்தியாயம் ஏழு

தராசின் முள் ஆடி, யோசித்து, ஒருவழியாக நின்றது.

"நூத்தி எழுபத்தொம்பது கிரெய்ன்" என்றார் ஐவர், தோட்டாக்காரர்களின் பொடி எடைக் கணக்கில். அவருக்குத் துப்பாக்கி ரிப்பேர் கடை. பிட்டர் ஃபோர்க் ஊரிலேயே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அதையே நாள் முழுக்கத் தேடும் ஒரே மனிதர். "போட்டப்ப நூத்தி எண்பது இருந்திருக்கும்."

"மிச்சம் ஒரு கிரெய்ன் எங்க போச்சு?" என்றான் ஓடெல் ப்ரஸ். "எல்க் மான் கமிஷன் எடுத்துக்கிச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. ஓடெல் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. நாற்பத்தொரு வயதுக்குள் அவன் சொன்ன நகைச்சுவைகளில் பாதிக்கு மேல் அவனேதான் சிரித்திருக்கிறான்.

வெர்லா டகெட் அந்தச் செம்புக் குண்டை இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முப்பது வருஷம் வனவிலங்கு வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுநாளே பொழுது போகாமல் துப்பறிய ஆரம்பித்துவிட்டாள். ஓடெல் அவளை 'சீஃப்' என்று கூப்பிடுவான். அவள் எந்தக் காலத்திலும் எதற்கும் சீஃப்பாக இருந்ததில்லை. கூப்பிட்டால் அவளுக்கு எரிச்சல் வரும் என்பதற்காகத்தான் கூப்பிடுகிறான்.

"மூணு மணிக்கு இதைத் திருப்பிக் கொடுக்கறேன்னு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றாள் வெர்லா. "அதுக்குள்ள இது வாயைத் திறக்கணும்."

மூன்று மணிக்கு மாவட்ட அலுவலகத்தில் உரிமக் குழு கூடுகிறது. மேவிஸ் ஓர்டால் என்ற வேட்டை வழிகாட்டியின் உரிமம் இருக்குமா பறிபோகுமா என்று அங்கேதான் தெரியும். மேவிஸுக்கு முப்பத்தாறு வயது. பதினான்கு வருஷமாக வெளியூர் வேட்டைக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போய், எல்க்கைக் காட்டி, பத்திரமாகக் கீழே இறக்குகிறாள். அவளிடம் இருப்பது பதினோரு குதிரைகளும் ஆறு கூடாரங்களும் அந்த ஒரு துண்டுக் காகிதமும்தான். காகிதம் போனால் மற்றதெல்லாம் சும்மா.

புகார் இதுதான். போன சனிக்கிழமை, மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் காக்கைக் கூட்டத்தைப் பார்த்துப் போனபோது, வில்லோப் புதருக்குள் பெரிய எல்க் கடா ஒன்று செத்துக் கிடந்தது. இறைச்சி முழுக்க வீண். பின்தொடையில் நுழைந்த குண்டு, புல் அடைத்த வயிற்றுக்குள் போய் நின்றிருந்தது. குண்டின் மேல் இருந்த கீறல்கள் மேவிஸின் துப்பாக்கிக் குழலோடு அச்சாகப் பொருந்தின. சுட்டுக் காயப்படுத்திவிட்டுத் தேடாமல் விடுவதுதான் இந்த ஊரில் ஒருவர் செய்யக்கூடிய ஆகக் கேவலமான காரியம். அதைவிட மனைவியை விட்டு ஓடிப்போனவனுக்குச் சீக்கிரம் மன்னிப்பு கிடைக்கும்.

"அந்த வாரம் மேவிஸ் கூடப் போன ஆள் கென்ட் பாஸ்கோம்" என்றாள் வெர்லா, ஐவருக்காக. "விமானத்துல அவன் துப்பாக்கி தொலைஞ்சு போச்சு. அது வந்து சேர்ற வரைக்கும் ஞாயிறும் திங்களும் மேவிஸ் தன்னோடதைக் கொடுத்திருக்கா. செவ்வாய்க்கிழமை காலைல அவனோடது வந்துடுச்சு. இப்ப அவன் எழுதிக் கொடுத்திருக்கறது என்ன தெரியுமா? திங்கக்கிழமை பூரா வயித்துவலி, கூடாரத்தை விட்டே வெளிய வரலையாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மரங்களுக்கு நடுவுல, எண்பது கஜத்துல மேவிஸே அந்தக் கடாவைச் சுட்டாளாம். வெளிய சொல்லாதேன்னாளாம்."

"மேவிஸ் என்ன சொல்றா?"

"திங்கக்கிழமை ரெண்டு பேரும் சேணக்குன்னு மேல இருந்தோம்கறா. மத்தியானம் ஒரு குதிரைக்கு லாடம் கழண்டுச்சுன்னு அவ மட்டும் ஒரு மணி நேரம் கீழ இறங்கினாளாம். துப்பாக்கி அவன்கிட்ட இருந்துச்சாம். அதுக்கு மேல எதுவும் தெரியாதாம்."

சொல்லி வாயை மூடுவதற்குள் கடைக் கதவு திறந்தது. மேவிஸேதான். தொப்பியைக் கழற்றாமல், உட்காராமல், ஒரு நீல பிளாஸ்டிக் டப்பாவை மேஜையில் வைத்தாள். இரவெல்லாம் தூங்காத முகம்.

"கேட்டீங்களே வெர்லா. என் தோட்டா. நானே நிரப்பினது, இருபது."

"இதுல எத்தனை சுட்டது?"

"ஞாயித்துக்கிழமை குறி சரிபார்க்க அந்த ஆள் மூணு ரவுண்டு போட்டான். அதுக்கப்புறம் என் கையால அந்தத் துப்பாக்கி வாயே திறக்கல." டப்பாவை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். "நான் முந்நூறு கஜத்துக்கு மேல யாரையும் சுட விடமாட்டேன். ஊருக்கே தெரியும். என்னைப் போய்..."

"போய்க் குதிரைங்களைப் பாரு. ரெண்டு மணிக்கு சாப்பாட்டுக் கடை வாசல்ல இரு" என்றாள் வெர்லா.

மேவிஸ் போனதும் ஓடெல் டப்பாவைத் திறந்தான். இருபது குழிகள். தோட்டாக்கள் தலை நிமிர்ந்து வரிசையாக நின்றன. சுட்ட பித்தளைக் கூடுகளை மட்டும் வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்திருந்தாள் மேவிஸ். தானே தோட்டா நிரப்புகிறவர்களுக்குக் காலிக் கூடு என்றால் உயிர். கழுவி, தேய்த்து, மறுபடி மறுபடி நிரப்புவார்கள். புல்லுக்குள் ஒன்று விழுந்தால் முழங்காலில் தவழ்ந்து தேடுவார்கள்.

"பதினாறு பேரு நிமிர்ந்து நிக்கறாங்க, நாலு பேரு தலைகீழா தவம் பண்றாங்க" என்றான் ஓடெல். "இவ வீட்டுச் சமையல்கட்டும் இப்படித்தான் இருக்கும் போல."

வெர்லா டப்பாவை வாங்கி ஒரு நொடி பார்த்தாள். மூடிவிட்டாள். அவள் அப்படி ஒன்றும் சொல்லாமல் மூடினால் ஏதோ இருக்கிறது என்று ஓடெலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் கண் அப்போது ஐவரின் மேஜையில் இருந்த பிஸ்கட் மீது இருந்தது.

"சரி ஐவர், குண்டு என்ன சொல்லுது?"

"எடை குறையல பாருங்க. நல்ல குண்டு" என்றான் ஓடெல், வாய் நிறைய பிஸ்கட்டோடு.

"எடையைப் பார்த்து ஏமாந்தவங்க இந்த ஊர்ல பாதி பேர்" என்றார் ஐவர். "செம்புக் குண்டு எப்பவுமே எடை குறையாது. மூஞ்சியைப் பாரு. இதோட மூக்குல ஒரு குழி இருக்கு. வேகமாப் போய் மாட்டுச்சுன்னா அந்தக் குழி பிளந்து, நாலு இதழா மலரும். அப்பத்தான் உள்ள பெரிய காயம் ஆகும், மிருகம் சட்டுனு சாகும். மெதுவாப் போச்சுன்னா மலராது. ஊசி மாதிரி ஓட்டை போட்டுட்டுப் போகும். அது பாவம், நடந்து நடந்து சாகும்."

குண்டின் மூக்கு லேசாக நசுங்கியிருந்தது. அவ்வளவுதான். இதழும் இல்லை, ஒன்றும் இல்லை. மொட்டாகவே இருந்தது.

"எவ்வளவு தூரம் வரைக்கும் மலரும்?" என்றாள் வெர்லா.

"இவ நிரப்பற மருந்துக்கு முந்நூத்தி எண்பது கஜம். இழுத்துப் பிடிச்சா நானூறு. அதுக்கு மேல குண்டு போகும். போய் என்ன பிரயோஜனம்? குண்டு எங்க வரைக்கும் போகுதுங்கறதா முக்கியம்? எங்க வரைக்கும் வேலை செய்யுதுங்கறதுதான் துப்பாக்கியோட எல்லை. மேவிஸ் முந்நூறுன்னு சொல்றது வீம்புக்கு இல்ல. நெஞ்சுல பட்டா மலரணும், அதுக்கு மேல கொஞ்சம் கையிருப்பும் வேணும்னு கணக்குப் போட்டுத்தான் சொல்றா."

ஓடெலுக்கு மேவிஸின் துப்பாக்கி ஞாபகம் வந்தது. அதன் மரக்கட்டையில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, மூன்று வரி எழுதியிருப்பாள். '200 வரை: நேரா.' '300: ஒரு சாண் மேலே.' 'அதுக்கும் மேலே: கிட்டப் போ, இல்லாட்டி வீட்டுக்குப் போ.' ஓடெல் ஒருமுறை அதைப் படித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கவும் இதே விதி பொருந்தும் என்று சொல்லி அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

"அப்ப விஷயம் முடிஞ்சுது" என்றான். "எண்பது கஜத்துல சுட்டிருந்தா பூ மாதிரி மலர்ந்திருக்கும். மலரல. அந்த ஆள் புளுகறான்."

"சொன்னாப் போதுமா? குழுவுல மூணு பேர் உக்காந்திருப்பாங்க. கண்ணால பார்க்கணும்" என்றாள் வெர்லா. "ஓடெல், வெளிய போய் பிளாஸ்டிக் பால் கேன்ல தண்ணி நிரப்பு."

"எத்தனை?"

"ஊர்ல எத்தனை காலி கேன் இருக்கோ அத்தனை."

அக்டோபர் மாதக் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஓடெலைக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வான். பதினெட்டு கேன் நிரப்பி, எல்க்கின் உடம்புக்குப் பதிலாக அவற்றைக் கடைக்குப் பின்னால் பலகை மேல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, கடைசியில் ஒரு மணல் மூட்டையைப் போட்டபோது, அவன் விரல்கள் தன்னுடையவைதானா என்று சந்தேகமாக இருந்தது.

ஐவர் தன்னுடைய துப்பாக்கியை எடுத்தார். அதே ரகம், மேவிஸுடையதைப் போலவே. முதலில் மேவிஸின் டப்பாவிலிருந்தே ஒரு தோட்டா. எண்பது கஜம் தள்ளி நின்று சுட்டார். முதல் இரண்டு கேன்களும் வெடித்துச் சிதறின. கிட்டத்தில் நின்ற ஓடெல் தலை முதல் கால் வரை நனைந்தான்.

"தள்ளி நில்லுன்னு சொன்னேனே" என்றாள் வெர்லா.

"எப்ப?"

"சொல்ல நினைச்சேன்."

நான்காவது கேனின் அடியில் குண்டு கிடந்தது. நாலு இதழும் விரிந்து, பின்னுக்கு மடங்கி, கைக்குழந்தையின் சட்டைப் பொத்தான் அளவுக்கு அகலமாக இருந்தது.

அடுத்ததற்கு ஐவர் மேவிஸின் இன்னொரு தோட்டாவைப் பிரித்து, மருந்தைக் கொட்டி, கிரெய்ன் கணக்கில் நிறுத்துக் குறைவாகப் போட்டார். இந்த ஊர் தோட்டாக்காரர்களின் பழைய தந்திரம் இது. வெகுதூரம் போய்ச் சேரும்போது குண்டுக்கு என்ன வேகம் இருக்குமோ, அதே வேகத்தில் கிட்டத்திலிருந்தே அனுப்புவது. மலைக்கு ஏற வேண்டியதில்லை, முழங்கால் பிழைத்தது. இந்த முறை ஓடெல் கடைக்குள் போய் நின்றுகொண்டான்.

கேன்கள் வெடிக்கவில்லை. ஒவ்வொன்றும் சின்ன ஓட்டை வழியாகச் சாதுவாக ஒழுகியது. குண்டு வரிசை முழுக்கத் துளைத்து மணல் மூட்டைக்குள் போய்ப் படுத்திருந்தது. வெர்லா அதைக் கழுவி, எல்க்கின் வயிற்றிலிருந்து எடுத்ததன் பக்கத்தில் வைத்தாள். எது எது என்று ஓடெலால் சொல்ல முடியவில்லை.

"ரெட்டைப் பிள்ளைங்க" என்றான்.

ஐவர் மட்டும் தாடையைச் சொறிந்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? ஆயிரத்துல ஒரு குண்டு கிட்டத்துலயும் மலராம சதி பண்ணும். அபூர்வம்தான். ஆனா அந்த ஆளோட வக்கீல் அதைப் பிடிச்சுக்குவான்."

"தெரியும்" என்றாள் வெர்லா. "நேத்து அந்தக் கடா நடந்த வழியில நான் பின்னோக்கி நடந்து பார்த்தேன். காய்ஞ்ச ரத்தம் ரெண்டு இடத்துல இருந்துச்சு. எதிர்ச் சரிவுல கருகின பைன் மரம் ஒண்ணு இருக்கே, அங்க போய் முடியுது. அந்த மரம் சேணக்குன்னுலேர்ந்து தெரியும். அது எவ்வளவு தூரம்னும் அளந்துட்டேன்."

"எவ்வளவு?" என்றான் ஓடெல்.

"சொல்லமாட்டேன். நீ சாப்பாட்டுக் கடையில வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டே."

கென்ட் பாஸ்கோம் கடைசி மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தான். காட்டு வண்ண ஜாக்கெட், மடிப்புக் கலையாமல். முன்னால் ஒரு கிண்ணம் சில்லி என்கிற காரக் கறிக்குழம்பு, பக்கத்தில் பட்டை தூவிய சுருள் பன். பன்னை இந்த ஊர் வழக்கப்படி சில்லியில் தோய்க்காமல் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதிலேயே ஓடெலுக்கு அவன் மேல் பாதி நம்பிக்கை போய்விட்டது.

"உக்காரலாமா சார்?" என்று கேட்டுக்கொண்டே வெர்லா உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க அந்தப் பொண்ணுக்காக வேலை பாக்கறவங்க. உங்ககிட்ட நான் பேசக் கூடாது."

"பேச வேண்டாம். சாப்பிடுங்க. நான் தோத்துட்டேன்னு சொல்லத்தான் வந்தேன்." வெர்லா பெருமூச்சு விட்டாள். ஓடெலே ஒரு நிமிஷம் நம்பிவிட்டான். "குண்டு மலரல. அதனால ரொம்பத் தூரத்துலேர்ந்து சுட்டதுன்னு நிரூபிக்கலாம்னு பார்த்தேன். ஆனா யோசிச்சா, அந்தத் துப்பாக்கியால முடியாது."

பாஸ்கோம் மெல்வதை நிறுத்தவில்லை. ஆனால் காது நிமிர்ந்ததை ஓடெல் பார்த்தான்.

"ஏன் முடியாது சீஃப்?" என்றான் ஓடெல். எதற்குக் கேட்கிறோம் என்று தெரியாது. ஆனாலும் கேள்வி தேவைப்படும் இடம் அவனுக்குத் தெரியும்.

"குறி பார்க்கறதுக்குப் பழைய நாலு மடங்குக் கண்ணாடிப்பா அதுல. பாட்டன் காலத்துச் சாமான். சேணக்குன்னுலேர்ந்து அந்தக் கருகின பைன் மரம் எவ்வளவு இருக்கும்? நானூத்தி எண்பது கஜம் இருக்குமா? அவ்வளவு தூரத்துல எல்க் மேல படவைக்கறதுக்கு இந்த மாநிலத்துல ஆள் கிடையாது."

"நானூத்தி எண்பதா? அது கிட்டக்கதானே சீஃப்" என்றான் ஓடெல். "எங்க அத்தை மூக்குக் கண்ணாடி இல்லாமலே அடிப்பா. ஒரு கையில காபி வச்சுக்கிட்டு."

பாஸ்கோமின் கழுத்து சிவந்தது. கத்தியைக் கீழே வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"யாரு அளந்தது நானூத்தி எண்பதுன்னு?"

"என் கண்ணுதான் சார்" என்றாள் வெர்லா அடக்கமாக. "முப்பது வருஷம் இந்த மலையைப் பார்த்த கண்ணு."

"கண்ணை மாத்துங்க. அந்த மரம் அறுநூத்திப் பன்னெண்டு. லேசர் வச்சுப் பார்த்தது. ரெண்டு தடவை."

 காபி ஊற்ற வந்த பரிமாறும் பெண் கெண்டியைச் சாய்த்தபடியே நின்றாள்.

தூரம் சுடுகிறவர்களுக்கு என்று ஒரு வியாதி உண்டு. திருடன் என்று சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். பொய்யன் என்றாலும் சமாளிப்பார்கள். அவர்கள் சுட்ட தூரத்தில் நூற்று முப்பது கஜத்தைக் குறைத்துச் சொன்னால் மட்டும் தாங்காது.

"அறுநூத்திப் பன்னெண்டேதான்" என்றாள் வெர்லா. பையிலிருந்து தன் குறிப்பேட்டை எடுத்துத் திறந்து காட்டினாள். முந்தின நாள் தேதி போட்டு அதே எண். "ஆனா ஒரு சந்தேகம் சார். சேணக்குன்னு மேல திங்கக்கிழமை ஒருநாள்தான் மேவிஸோட ஆளுங்க இருந்தாங்க. அன்னிக்கு நீங்க கூடாரத்துல வயித்துவலியோட படுத்திருந்ததா எழுதிக் கொடுத்திருக்கீங்க. உங்க லேசர் கூடாரத் துணியைத் தாண்டியும் அளக்குமா?"

"அது... செவ்வாய்க்கிழமை..."

"செவ்வாய்க்கிழமை பூரா அடுத்த பள்ளத்தாக்குல மேவிஸ் கூடவே இருந்தேன்னு அதுக்கு அடுத்த வரியில எழுதியிருக்கீங்க. கையெழுத்து அழகா இருக்கு."

பாஸ்கோம் எழுந்தான்.  போய்விட்டான். சுருள் பன் பாதி அப்படியே இருந்தது. ஓடெல் அதை எடுத்து மிச்சமிருந்த சில்லியில் தோய்த்தான்.

"சாட்சியத்தைச் சாப்பிடாதே" என்றாள் வெர்லா. பிறகு பரிமாறும் பெண்ணைப் பார்த்தாள். "நீ கேட்டதை மூணு மணிக்கு வந்து சொல்லுவியா?"

"வேலையை விட்டுட்டே வரேன்" என்றாள் அவள்.

வாசலில் மேவிஸின் பிக்கப் வண்டி நின்றது. ஓடெல் ஓடிப்போய் ஜன்னல் வழியாகவே எல்லாவற்றையும் கொட்டினான். அத்தையையும் காபியையும் கொஞ்சம் பெரிதாக்கியே சொன்னான். மேவிஸ் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"அழாதே. ஜெயிச்சாச்சு" என்றான் ஓடெல்.

வெர்லா மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள். நீல டப்பாவை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை ரவுண்டு மேவிஸ்?"

"மூணு. சொன்னேனே."

"ரெண்டை நானும் ஐவரும் இன்னிக்கு எடுத்தோம். அதை விடு. நீ கொண்டு வந்து வச்சப்பவே இதுல நாலு கூடு கவிழ்ந்திருந்துச்சு."

ஓடெலின் வாயிலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நாலு பேர் தலைகீழாகத் தவம் என்று சொன்னவன் அவன்தான். எண்ணியவனும் அவன்தான். கழித்துப் பார்க்கத் தோன்றவில்லை. தன் மேல் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மேவிஸ் நிமிரவே இல்லை. தலையைச் சாய்த்தபடியே பேசினாள்.

"லாடம் அடிச்சுட்டு மேல ஏறி வரேன். பாதி வழியில சத்தம் கேட்டுச்சு. என்ன சுட்டேன்னு கேட்டேன். பாறையைச் சுட்டுப் பார்த்தேன்னான். கூடு எங்கன்னு கேட்டு வாங்கினேன். வாங்கிப் பாக்கெட்ல போட்டேன், சாயங்காலம் டப்பாவுல வச்சேன். கை பாட்டுக்கு வச்சுடுச்சு." டப்பாவின் மூடியை விரலால் தடவினாள். "பாறைன்னா எந்தப் பாறைன்னு கேட்டிருக்கணும். எதிர்ச் சரிவுக்குப் போய்ப் பார்த்திருக்கணும். போக வர ரெண்டு மணி நேரம். மேகம் கட்டிக்கிட்டு வந்துச்சு. அவன் சொன்னதை நம்பிட்டேன் வெர்லா. நம்பறது சுலபமா இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, சத்தம் கேட்டும் போய்ப் பார்க்கலைன்னு ஆகும். அதுக்கும் உரிமத்தைப் பிடுங்குவாங்க. அதைவிட..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு நாளாவது உயிரோட இருந்திருக்குமில்ல அது? அன்னிக்கே போயிருந்தா நான் கண்டுபிடிச்சு முடிச்சிருப்பேன்."

வெர்லா மறுத்துச் சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அவள் பொய் ஆறுதல் சொல்லி ஓடெல் கேட்டதே இல்லை, அவனுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று இருந்தபோது கூட.

"இந்த டப்பாவைக் குழு கேக்கல" என்றாள். "பாஸ்கோம் வாயாலயே மாட்டிக்கிட்டான். நீ பேசாம உக்காந்திருந்தாலே உரிமம் உன்கிட்ட இருக்கும். நானும் பொய் சொல்லமாட்டேன், கேக்காததைச் சொல்லவும் மாட்டேன். டப்பா உன்னோடது."

இறங்கிக் கதவைச் சாத்தினாள். ஓடெல் பின்னாலேயே ஓடினான்.

"என்ன சீஃப் இது? அவ நம்ம கட்சிக்காரி. சொல்லாதேன்னு நறுக்குனு சொல்ல வேண்டாமா?"

"அப்படிச் சொல்றவங்க வேணும்னா அவ வக்கீலைப் பிடிச்சிருப்பா."

குழு முன்னால் எல்லாம் வேகமாக நடந்தது. நீள மேஜையில் மேவிஸின் துப்பாக்கி, பிளாஸ்திரி வரிகளோடு கிடந்தது. வெர்லா மூன்று குண்டுகளை வரிசையாக வைத்தாள். மலர்ந்தது ஒன்று, மலராத இரட்டைகள். ஐவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கிப் பேசினார். பரிமாறும் பெண் அறுநூத்திப் பன்னெண்டு என்று சொன்னாள், ரெண்டு தடவை என்பதையும் விடவில்லை. பாஸ்கோமின் வக்கீல் ஆயிரத்தில் ஒரு குண்டு என்று ஆரம்பித்தார். பிறகு தன் கட்சிக்காரனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அஞ்சு நிமிஷத்தில் பாஸ்கோம் ஒத்துக்கொண்டான். சுட்டது அவன்தான், மரத்துப் பக்கம் நின்ற கடாவைத்தான், பட்டதா என்று தெரியவில்லை, தவறிவிட்டது என்று நினைத்தான்.

தலைவர் நரைத்த மீசைக்காரர். ஃபைலை மூடப்போனார். "ஓர்டால், உங்க மேல உள்ள புகார் இதோட..."

மேவிஸ் எழுந்து நின்றாள்.

ஓடெல் மனசுக்குள் உட்காரு, உட்காரு என்றான். வெர்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேவிஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளைக் கூட்டை எடுத்து, மலராத குண்டின் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

"இது அந்தக் குண்டோட கூடு. திங்கக்கிழமையே நான் அவர் கையிலேர்ந்து வாங்கினேன். சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பாறைன்னார். நான் போய்ப் பார்க்கல."

 தலைவர் ஃபைலை மறுபடி திறந்தார். மூன்று பேரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். இருபது நிமிஷம் ஆயிற்று. ஓடெலுக்கு அது பதினெட்டு கேன் தண்ணீரை விட நீளமாக இருந்தது.

பாஸ்கோமுக்கு இந்த மாநிலத்தில் ஐந்து வருஷம் வேட்டை கிடையாது. மேவிஸுக்கு இந்தப் பருவம் முழுக்க வழிகாட்டும் வேலை கிடையாது. உரிமம் ரத்து இல்லை, அடுத்த வருஷம் அவள் கையில் இருக்கும்.

"நீங்க சும்மா இருந்திருந்தா இன்னிக்கே வேலைக்குப் போயிருக்கலாம்" என்றார் தலைவர், கண்டிப்பாகவும் இல்லை, கனிவாகவும் இல்லை.

"தெரியும் சார். போயிருந்தா இனிமே ஆளுங்ககிட்ட முந்நூறுன்னு எந்த வாயால சொல்றது?"

வெளியே படிக்கட்டில் மேவிஸ் உட்கார்ந்தாள். திருப்பிக் கொடுத்த துப்பாக்கி மடியில். இரண்டு மாத வருமானம் போனது, கூடாரங்கள் மடங்கிக் கிடக்கப்போகின்றன. ஆனால் காலையில் வந்த முகத்தோடு அவள் இப்போது இல்லை என்பதை ஓடெல் கவனித்தான்.

"பேனா இருக்கா?" என்றாள்.

ஓடெல் கொடுத்தான். அவள் பிளாஸ்திரியின் மூன்றாவது வரிக்குக் கீழே குனிந்து எழுதினாள். இடம் போதாமல் எழுத்து மரக்கட்டையின் மேலேயே ஏறியது. வெர்லா எட்டிப் பார்த்தாள். ஓடெலும் பார்த்தான்.

'சுட்டா, போய்ப் பார்.'

"கோணலா இருக்கு" என்றான் ஓடெல்.

"இருக்கட்டும். கோணலா இருந்தாத்தான் நின்னு படிப்பாங்க" என்றாள் மேவிஸ், பேனாவை மூடித் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு.